மை லாய்: சொந்தப் படை மேலேயே துப்பாக்கியைத் திருப்பச் சொன்னது சரியா?

திண்ணைவாசி:
1968 மார்ச் 16. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற அமெரிக்க விமானி ஹெலிகாப்டரை நடுவில் இறக்கி, இவர்கள் மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று தன் ஆட்கள் இருவரிடம் சொன்னார். நல்ல காரியம்தான், ஆனால் ஆளாளுக்கு இப்படி முடிவெடுத்தால் ராணுவம் என்ன ஆகும்?

பழைய பட்டாளம்:
சட்டவிரோத உத்தரவை மீறச் சொல்வதும் ராணுவச் சட்டம்தானே தம்பி. "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்ற வாதம், அங்கே சுட்ட படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் வில்லியம் காலிக்கு எடுபடவில்லை. 1971இல் 22 பேரைக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை. (அனுபவித்தது என்னவோ சுமார் மூன்றரை வருஷம், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காவல். வயிறு எரிகிறது.)

மழைக்காகிதம்:
சுட மறுத்த சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள், ஆனால் மற்றவர்களைத் தடுக்கவில்லை. நானாக இருந்தால் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

திண்ணைவாசி:
நானும்தான். சரி, தாம்சனை அப்புறம் கொண்டாடினார்களா?

பழைய பட்டாளம்:
எங்கே! துரோகி என்று மிரட்டல் கடிதங்கள்தான் வந்தன. சோல்ஜர்ஸ் மெடல் என்ற ராணுவ வீரப் பதக்கம் கொடுத்ததே 1998இல்.