புதுப்பிப்பு: வாடின செடி தப்பிட்டுது

ஈர மண்ணிலயே வாடி, இலை நுனி கருகின பெயர் தெரியாத செடியின்ர படத்தை ரெண்டு மாசத்துக்கு முந்திப் போட்டிருந்தன். பீஸ் லில்லி எண்டு சொன்ன அக்கா, நீங்கள் சொன்னது சரி. நன்றி!

சாடியைக் கவிழ்த்தால் பாதி வேர் கறுத்து, தொட்டதும் வழுக்கிக் கழண்டுது. நாத்தம் வேற. தண்ணி காணாதெண்டு நான் ஊத்த ஊத்த, வேர் காத்தில்லாமல் அழுகியிருக்கு. பாவம். அழுகினதை வெட்டி, வெள்ளை வேரைத் தும்புத்தூளும் மணலும் கலந்து, ஓட்டையுள்ள சின்னச் சாடியில நட்டன்.

நுனி கருகினதுக்கு எங்கட ஊர் உப்புவெளியின்ர கிணத்துத் தண்ணியில இருக்கிற உவர்தான் காரணமெண்டு நினைக்கிறன், இப்ப மழைத்தண்ணிதான். விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ஞ்சால் மட்டும் ஊத்துறன். மூண்டு புதுக் குருத்து!

பூனை வளர்க்கிறவை கவனம்: இலையில கல்சியம் ஒக்சலேற்று எண்ட ஊசி மாதிரியான படிகம் இருக்கு, கடிச்சால் வாய் எரியும்.