உதிர்ந்த இறகில் டிஎன்ஏ: பிசிஆரில் பேண்ட் வரவில்லை, வந்ததெல்லாம் ஆண்!

நீர்க்காகம்: என்னுடையது பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் கூழைக்கடாக்களின் மரபுப் பன்மையை ஒப்பிடும் முதுகலை ஆய்வேடு. அனுமதி உண்டு. உதிர்ந்த இறகுகள் 40. ஜிப் கவரில் போட்டு மூன்று வாரம் அறையிலேயே இருந்தன. தண்டின் நடுப்பகுதியை வெட்டி, புரோட்டினேஸ் கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) சேர்த்து 56 டிகிரியில் 3 மணி நேரம் வைத்தேன். பாலினம் பார்க்க பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் முறை), அதில் பி2, பி8 பிரைமர்கள் (எந்தத் துண்டு பெருக வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்). 31இல் பேண்டே (பெருகிய துண்டு ஜெல்லில் தெரியும் கோடு) இல்லை. மீதி 9இலும் ஒற்றை பேண்ட். ஆணுக்கு இசட் குரோமோசோம் மட்டும் என்பதால் ஒன்று, பெண்ணுக்கு இசட், டபிள்யூ என இரண்டு வர வேண்டும். ஒன்பதும் ஆணா?

தூவி: நடுத்தண்டு பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம்தான், அதில் அதிகம் தேறாது. இரண்டு இடத்தில்தான் சரக்கு: தோலுக்குள் புதைந்திருந்த அடிக்குழல் நுனி, அதற்கு மேலே தூவிகள் தொடங்கும் இடத்தில் உள்ள துளையில் உறைந்த ரத்தத் துணுக்கு. கூழைக்கடாவின் சிறகிறகு பெரியது, நீளவாக்கில் பிளந்தால் கருஞ்சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். முதலில் அதை எடுங்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் துளி ரத்தமே போதும். கரைசலில் 1 மோலார் டிடிடி (புரதப் பிணைப்பை முறிக்கும் வேதிப்பொருள்) 20 மைக்ரோலிட்டர் சேர்க்காவிட்டால் கெரட்டின் உடையாது. இரவு முழுக்க விடுங்கள். காலையிலும் கரையாமல் கிடந்தால் புரோட்டினேஸ் கே இன்னொரு 20. கடைசியில் டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டர் கரைசலில் எடுங்கள், 200 என்றால் நீர்த்துவிடும். மாசு கலந்ததா என்று தெரிய, இறகே போடாத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் கட்டாயம்.

ஒன்பதும் ஆண் என்று எழுதிவிடாதீர்கள். பி2, பி8இல் பெரும்பாலான பறவைகளுக்கு டபிள்யூ துண்டுதான் நீளம். டிஎன்ஏ சிதைந்திருந்தால் நீளமானது முதலில் பெருகாமல் போகும், பெண்ணும் ஆணாகத் தெரியும். 2550எஃப், 2718ஆர் என்ற பிரைமர் ஜோடியில் டபிள்யூ சிறியது என்பதால் பெண் தப்பாது. பாலினம் தெரிந்த மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். மூன்று தடவை பிசிஆர் செய்யாமல் எதையும் நம்பாதீர்கள்.

சதுப்புநிலம்: ஜிப் கவரா! சென்னை ஈரப்பதத்தில் அது பூஞ்சை வளர்க்கும் பெட்டி. காகித உறையில் தனித்தனியாக, சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மைனஸ் 20இல் சேர்த்துவிடுங்கள். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் மாற்றுங்கள். நீரில் மிதந்ததையும் வெயிலில் வெளுத்ததையும் எடுக்கவே வேண்டாம்.

கரிச்சான்: ஆய்வகத்தை விடுங்கள், கேள்வியே சிக்கல். இரு இடத்துக்கும் இடையே 100 கி.மீ. கூட இல்லை, பறக்கும் தூரத்தில் தங்களுக்குள் கலக்காத இரண்டு தொகுதி என்று எப்படிச் சொல்வீர்கள்? கூந்தங்குளம் (திருநெல்வேலி), கொக்கரே பெல்லூர் (கர்நாடகம்) மாதிரிகள் சேர்ந்தால்தான் ஒப்பீடு. தவிர, ஒரே மரத்தடியில் பொறுக்கியவை ஒரே பறவையுடையதாகவோ கூட்டுக்குஞ்சுகளுடையதாகவோ இருக்கலாம். மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்கள்) வடிவம் ஒத்துவரும் இறகுகளில் ஒன்றை மட்டும் வையுங்கள், நெருங்கிய உறவினர்களையும் கழியுங்கள். தொகுதிக்கு 20 முதல் 30 தனித்தனிப் பறவைகளாவது மிஞ்ச வேண்டும்.

நீர்க்காகம்: சரிங்க. பேண்ட் வராத 31இன் அடிக்குழல் பாதுகாப்பாக இருக்கிறது, அதில் தொடங்குகிறேன். கூந்தங்குளத்துக்கு அனுமதியைத் திருத்தி வாங்க வேண்டுமா?

கரிச்சான்: ஆமாம். அனுமதியில் உள்ள இடம், இனம், எண்ணிக்கை இவற்றைத் தாண்டி ஒரு இறகும் எடுக்கக் கூடாது. கர்நாடகத்துக்கு அங்குள்ள தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தனி விண்ணப்பம்.