வீட்டிலிருந்து சேர்பவரின் குரல் கூட்டத்தில் எடுபட என்ன செய்யலாம்?

கேள்வி (டர்பன்வாசி):
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த உம்லாங்காவில் ஓர் அலுவலகத்தில் சிறு குழுவொன்றை நடத்துகிறேன். பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீடு என்பது ஏற்பாடு. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், குவாமாஷு பகுதியினர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே சேர்கிறார்கள். அறையில் இருப்பவர்கள் தமக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். திரையில் இருப்பவர் மைக்கைத் திறந்து வாயெடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. கூட்டத்தில் எடுத்த முடிவு, பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில் மாறிவிடுவதும் உண்டு. எல்லாரும் கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று விதி போடச் சொல்கிறது மேலிடம். போடலாமா?

பதில் (ஜோபர்க் மனிதவளம்):
வேண்டாம் ஐயா. மின்தடை நேரத்தில் சொந்த டேட்டாவைச் செலவழித்துச் சேர்பவருக்கு அது தண்டச் செலவு. மாமியாரும் பிள்ளைகளும் நடமாடும் ஒரே கூடத்தைச் சக ஊழியர்களுக்குக் காட்டச் சொல்வதும் மரியாதையாகாது. ஒருவராவது திரையில் இருந்தால், அறையில் இருப்பவர்களும் அவரவர் மடிக்கணினியிலிருந்தே சேரட்டும். எதிரொலி வராமலிருக்க அறையில் ஒருவருடைய ஒலிபெருக்கியும் மைக்கும் மட்டும் திறந்திருந்தால் போதும். ஒவ்வொரு பொருளிலும் வெளியிலிருப்பவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். தேநீர் வேளையில் பேசியதைக் குழுவின் அரட்டைப் பக்கத்தில் எழுதி, மற்றவர்கள் மறுக்க ஒருநாள் அவகாசம் தந்த பிறகே அதை முடிவாகக் கொள்ளுங்கள். இந்தக் கடைசி விதிக்குத்தான் எங்கள் மேலாளர்களிடம் முணுமுணுப்பு அதிகம், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் (தொழிற்சங்கத்துக்காரர்):
சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ், பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிமுறை 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ளது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த வீடே பணியிடம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆகவே ஒருவருடைய உச்சரிப்பைக் கேலி செய்து அரட்டையில் போடும் படமும், 'வேடிக்கைதானே' என்று தள்ளிவிடக்கூடியதன்று.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா):
அலுவலகத்துக்கு எல்லாரும் வரவேண்டிய நாளைக் குறிக்கும்போது நாள்காட்டியைப் பாருங்கள் தம்பி. தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை இல்லை. புரட்டாசியில் பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும்) விருந்து வைத்தால், இறைச்சி சுட்ட அதே கம்பியில் காளானையும் சுட்டுச் சைவம் என்று நீட்டாமல், தனி அடுப்பு வையுங்கள். டர்பன் மாணவி ஒருவரின் மூக்குத்தி வழக்கில், பண்பாட்டு வழக்கத்துக்கு நியாயமான இடம் தரவேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2007இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அது பள்ளியைப் பற்றிய வழக்குத்தான். ஆனாலும் மேலிடத்திடம் பேசும்போது எடுத்துச் சொல்லலாம்.