8 கிலோவா 12 கிலோவா? ஸ்விங் பழக எது நல்லது?

வெள்ளவத்தை_நாலாம்மாடி
வணக்கம். ஜிம்முக்குப் போக நேரம் கிடைக்காததால் இரண்டு மாதத்துக்கு முன் 8 கிலோ கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்று வாங்கினேன். ஸ்விங் மட்டும்தான், அதாவது இரண்டு கையாலும் பிடித்துக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னே வீசி ஆட்டுவது, ஒரு நாளைக்கு நூறு. காலும் பிட்டமும் உழைக்கும் என்கிறார்கள். எனக்கோ தோளும், கீழ்முதுகில் நாரியும்தான் பிடித்து வலிக்கின்றன. முன்பு போன ஜிம்மில் தலைக்கு மேல் வரை கொண்டுபோகச் சொன்னார்கள். வீடியோக்களில் நெஞ்சு உயரத்தோடு நிறுத்துகிறார்கள். 12க்கு மாறட்டுமா, இதிலேயே திருத்தட்டுமா? வயது 34, நாரியில் பழைய காயம் எதுவும் இல்லை.

பழைய_பயில்வான்
தங்கச்சி, இப்போதைக்குப் பாரத்தைக் கூட்டாதீர்கள். நாரி பிடிக்கிறது என்றால் இடுப்பில் மடிய வேண்டியது முதுகில் வளைகிறது. ஸ்விங் என்பது குந்தி எழும்புவது இல்லை. முழங்கால் கொஞ்சம்தான் மடியும், பிட்டம் பின்னால் போகும். இரண்டு கையிலும் சாமான் பை இருக்கும்போது பிரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான்.

சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுப் பழகுங்கள். சுலபமாகத் தொட்டால் இரண்டு அங்குலம் முன்னே வாருங்கள். அப்புறம் தும்புத்தடியை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் தடியில் பட்டபடியே குனிய வேண்டும். ஒன்று விலகினாலும் பிழை. இரண்டு கிழமைக்குக் கெட்டில்பெல்லைத் தொடவே வேண்டாம். வலி காலுக்கு இறங்கினால் மட்டும் இங்கே கேட்டுக்கொண்டிராமல் டொக்டரிடம் போங்கள்.

இரும்புக்கை_தெஹிவளை
இரண்டு கிழமையா! அண்ணை, இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரின் கெட்டில்பெல் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

நான் சொல்வது நேரெதிர். 8 கிலோவைக் கையாலேயே தூக்கிவிடலாம். தூக்க முடிகிறது, அதனால் கை தூக்குகிறது. தோள் பிடிப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. 16ஐத் தோளால் முன்னே தூக்கிப் பாருங்கள், ஐந்தாவதிலேயே உடம்பு வேறு வழி தேடும். என் தங்கை 8 கிலோவில் மூன்று மாதம் மினக்கெட்டாள். 12ஐக் கையில் கொடுத்த அன்றைக்கே இடுப்பு வேலை செய்யத் தொடங்கியது. பாரம்தான் வாத்தியார்.

பழைய_பயில்வான்
உடம்பு வேறு வழி தேடும், சரி. அது முதலில் கண்டுபிடிக்கும் வழி இடுப்பு இல்லை தம்பி, நாரி. என்னுடைய உடம்பு அதைத்தான் கண்டுபிடித்தது. யாரும் சொல்லித்தராமல் 24ஐ எடுத்தேன். மேலே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் சாய்வேன், அதுதான் பலம் என்று நினைப்பு. ஒரு நாள் காலை சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. பதினொரு நாள் கட்டிலில். மேலே நிற்கும்போது பலகை மாதிரி நேராக நிற்க வேண்டும், பிட்டம் இறுகியிருக்க வேண்டும். இதைச் சொல்ல 24 கிலோ எதற்கு?

பத்து_நிமிடம்
குறுக்கே வருகிறேன். இரண்டு பேரும் ஸ்விங் ஒரே வகை என்று வைத்துப் பேசுகிறீர்கள். ரஷ்யர்களின் கிரெவோய் என்ற கெட்டில்பெல் தூக்கும் போட்டியில் பத்து நிமிடம் நிலத்தில் வைக்காமல் தூக்க வேண்டும். அதனால் அவர்கள் உடம்பைத் தளர்த்தி, ஊசல் மாதிரி ஆடவிட்டு, சக்தியைச் சேமிக்கிறார்கள். பயிற்சியாளர் பவெல் த்சத்சூலின் அமெரிக்காவில் பரப்பிய ஹார்ட்ஸ்டைல் என்ற முறையில் ஒவ்வொரு தடவையும் முழுப் பலம், உச்சியில் 'ட்ஸ்' என்று மூச்சை வெட்டி விடுவது. தலைக்கு மேல் கொண்டுபோவது கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையில் பிரபலமானது. தோள் நன்றாகத் திறக்காதவர்கள் அந்த உயரத்தை நாரியை வளைத்துத்தான் எட்டுவார்கள். அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

பாரத்தைப் பற்றியும் ஒன்று. ரஷ்யாவில் பழைய நிறுவை பூத், ஒரு பூத் 16.38 கிலோ. சோவியத் ஒன்றியம் 1924இல் அதைக் கைவிட்டாலும் கெட்டில்பெல்லில் மட்டும் ஒன்று, ஒன்றரை, இரண்டு பூத் என்ற கணக்கில் 16, 24, 32 என்ற படிகள் நின்றுவிட்டன. இந்தப் படிகள் பெரியவை. 8இலிருந்து 12 என்பது நாலு கிலோதானே என்று தோன்றும், ஆனால் இருந்ததில் பாதியைக் கூட்டுகிறோம். பிறகு கொழும்பு வேர்வை. கைப்பிடி வழுக்கும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தால் முன்கை முதலில் களைத்துவிடும். விரல்களைக் கொக்கி மாதிரி வைத்தால் போதும், உள்ளங்கைத் தோலும் உரியாது. மின்விசிறிக்குக் கீழே பழகுங்கள், பக்கத்தில் துவாய் ஒன்று இருக்கட்டும்.

இரும்புக்கை_தெஹிவளை
துவாய் என்றதும் ஞாபகம் வந்தது. தலைக்கு மேல் வேண்டாம், அதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் 8 கிலோ ஏமாற்றும் என்பதை நீங்களே பார்க்கலாம். துவாயைக் கைப்பிடிக்குள் விட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஸ்விங் செய்யுங்கள். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வேண்டாம். இடுப்பு தள்ளினால் கை, துவாய், இரும்பு மூன்றும் ஒரே கோட்டில் வரும். கை தூக்கினால் இரும்பு துவாயின் முனையில் கீழே தொங்கும்.

பழைய_பயில்வான்
நல்ல சோதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கையைத்தான் காட்டும், முதுகைக் காட்டாது. போனைக் கதிரையில் சாத்தி, பக்கவாட்டில் இருந்து எடுத்துப் பாருங்கள். 8 கிலோவிலேயே இரண்டும் தெரிந்துவிடுகிறதே தம்பி, பிறகு 12 எதற்கு?

இரும்புக்கை_தெஹிவளை
தெரிவது வேறு, திருந்துவது வேறு அண்ணை.

வெள்ளவத்தை_நாலாம்மாடி
மூன்று நாள் கழித்து வருகிறேன். துவாய்ச் சோதனையில் தோல்வி. வௌவால் மாதிரித் தொங்கியது. அதைவிட வீடியோதான் வெட்கமாக இருந்தது. கெட்டில்பெல் இன்னும் நெஞ்சுக்கு நேரே நிற்க, நான் அதற்கு முன்பே குனிந்துவிடுகிறேன். அது முழங்காலுக்கும் கீழே தாழ்ந்து போய் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறது.

பழைய_பயில்வான்
அதுதான் நாரி! அவசரப்படுகிறீர்கள். இறங்கும்போது நிமிர்ந்தபடியே நில்லுங்கள். மேல்கை விலாவில் முட்டப்போகும் கடைசி நேரத்தில் மட்டும் இடுப்பை மடியுங்கள். முன்கை தொடையின் மேற்பகுதியில் உரசிக்கொண்டு பின்னால் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே இரும்பைக் காணவே கூடாது.

இரும்புக்கை_தெஹிவளை
இதை அண்ணை சரியாகச் சொன்னார். ஆனால் 8 கிலோவில் அந்தக் கடைசி நேரம் எது என்று கைக்குத் தெரியாது, பாரம் இழுத்தால்தான் தெரியும். என்னிடம் சும்மா கிடக்கும் 12 ஒன்று இருக்கிறது. தெஹிவளைக்கு வந்தால் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

பழைய_பயில்வான்
ஆக, கதவுக்கு முட்டுக் கொடுத்தது உங்கள் 12தானா?

வெள்ளவத்தை_நாலாம்மாடி
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், ஆனால் துவாய் நேராக வரும்வரை அது அலுமாரிக்குள்தான். இன்று பத்தில் ஆறு நேராக வந்தது. தோள் பிடிக்கவில்லை, பிட்டம் பிடித்தது. பக்கத்து வீட்டு அன்ரி மட்டும் படியில் மறித்து, காலையில் ஆறு மணிக்குச் சுவரில் என்ன முட்டுகிறது என்று கேட்டார். தளபாடம் நகர்த்துகிறோம் என்று சொல்லிவிட்டேன்.