மேலவிளை வீட்டார் குழு: கீழ வீட்டுக்கு எந்தக் கேபிள்?

ஸ்டீபன்: மக்கா ஜெபா, மார்த்தாண்டத்தில் கடையில் நிற்கிறேன். மேல வீட்டு நெட்டைக் கீழ வீட்டுக்கு இழுக்க கேட் 6 நெட் கேபிள் ஒரு பெட்டி எடுக்கட்டுமா? 305 மீட்டர் இருக்கிறதாம், தாராளம்.

ஜெபா: எடுக்காதீங்க சித்தப்பா. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வரும்?

சுபின்: டேப் பிடித்துப் பார்த்தாச்சு அண்ணே. ரப்பர் விளையைச் சுற்றிப் போனால் 140 மீட்டர்.

ஜெபா: அதுதான் சிக்கல். செம்புக் கேபிள் கேட் 5இ ஆனாலும் கேட் 6 ஆனாலும் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரைதான் கணக்கு. பெட்டியில் 305 என்பது விற்கிற நீளம்.

ஸ்டீபன்: 140க்கும் ஓடும் என்கிறார் கடைக்காரர்.

ஜெபா: ஓடினாலும் ஓடும், லைட்டும் எரியும். சுபின் வகுப்பில் இருக்கும்போது விட்டு விட்டுப் போகும், நாம் ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். தூரம் கிடக்கட்டும், ஐப்பசி இடி இருக்கே! ரெண்டு வீட்டையும் செம்பால் இணைத்தால், பக்கத்தில் இடி விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் வோல்டேஜ் ஏறி ரெண்டு பக்கப் பெட்டியையும் கொண்டுபோய்விடும்.

ராணி: போன வருஷம் அடுத்த விளையில் கேமராப் பெட்டி, டிவி எல்லாம் ஒரே இடியில் போச்சு.

ஜெபா: ஃபைபர் எடுங்க சித்தப்பா, சிங்கிள் மோடு. கண்ணாடி இழைதான், அதில் கரண்ட் போகாது, ஒளிதான் போகும். ஒளி ஓடுகிற கோர் 9 மைக்ரான் அளவுதான், ஆனால் ரெண்டு முனையிலும் சாதாரண மீடியா கன்வெர்ட்டர், அதாவது கரண்ட் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றுகிற சின்னப் பெட்டி, வைத்தாலே பல கிலோமீட்டர் போகும். 140 மீட்டர் அதற்கு ஒன்றுமில்லை.

லீலா: மச்சில் பழைய டிவி கேபிள் ஒரு சுருள் கிடக்கிறதே, அது ஆகாதா?

ஜெபா: அது கோஆக்சியல் சித்தி. நடுவில் ஒரு கம்பி, சுற்றி வலை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கும் கோஆக்சியலில்தான் ஓடியது. மெல்லிய வகை 185 மீட்டர் வரை போகும், வேகம் 10 எம்பிபிஎஸ்தான். நடுவில் ஒரு இடத்தில் கழன்றாலும் மொத்த ஆபீசும் படுத்துவிடும். அதுவும் 50 ஓம் கேபிள், மச்சில் இருப்பது டிவிக்கான 75 ஓம். துணி காயப்போடக் கொடி கட்டுங்க.

லீலா: பாதியில் கொடி கட்டியாச்சு, மீதியைத்தான் கேட்டேன் 😄

ஸ்டீபன்: ஃபைபரிலும் ரெண்டு வகை காட்டுகிறார். ஒன்றில் கூடவே இரும்புக் கம்பி வருகிறது, பலமாக இருக்குமாம்.

ஜெபா: போஸ்டுக்குப் போஸ்ட் தொங்கவிட அது நல்லது. நமக்கு வேண்டாம், இரும்பு வந்தால் இடியும் கூடவே வரும். உலோகமே இல்லாததாகக் கேளுங்க. ரெண்டு முனையிலும் கனெக்டர் போட்டே 150 மீட்டர் கிடைத்தால் ஒட்டுகிற வேலையும் மிச்சம். மரத்தில் கட்ட வேண்டாம், மடல் விழும், அணில் கடிக்கும். ஒரு இஞ்சு பிவிசி பைப்பில் விட்டு மண்ணுக்குள் புதைத்துவிடலாம். மூலையில் எல்போ போடாமல் நீள வளைவாகத் திருப்பச் சொல்லுங்க. இழை ஒடுங்கி மடங்கினால் ஒளி வெளியே கசியும். சுபின், ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்காதே. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

சுபின்: சரி அண்ணே. அப்புறம் இன்னொன்று. நெட் பிளான் 300 எம்பிபிஎஸ், ஆனால் மேல வீட்டில் என் மேசைக்கு வருகிற கேபிளில் 100க்கு மேல் ஏறவே மாட்டேங்குது.

ஜெபா: கனெக்டரைக் கிட்டே வைத்துப் படம் எடுத்து அனுப்பு. எட்டு கம்பியும் தெரியணும்.

சுபின்: [படம்]

ஜெபா: கடைசியில் இருக்கிற பழுப்பைப் பார். மற்ற ஏழும் நுனி வரை முட்டி நிற்கிறது, பழுப்பு மட்டும் பின்தங்கி நிற்கிறது. 100க்கு 1, 2, 3, 6 என்று நாலு கம்பி போதும். அதற்கு அடுத்த படி ஆயிரம், அதற்கு எட்டும் வேண்டும். ஒன்று தொடாவிட்டாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வெட்டிவிட்டு வேறு கனெக்டர் அடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்காதே. ஜோடி முறுக்கி இருப்பதால்தான் வெளியே இருந்து வருகிற இரைச்சல் ரெண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துபோகிறது.

சுபின்: உறையை உரித்துவிட்டுக் கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக இருக்கு. [படம்]

ஜெபா: அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. உறையில் பொடி எழுத்தில் சிசிஏ என்று இருக்கிறதா பார். நாலு தடவை மடக்கினால் ஒடியும். கேமராவுக்கு அதிலேயே கரண்ட் அனுப்பினால் சூடேறும்.

சுபின்: ஆமா, சிசிஏ என்றே இருக்கு.

ஜெபா: அதில் கனெக்டர் மாற்றியும் பிரயோஜனமில்லை. சித்தப்பா, வீட்டுக்குள் ஓட்டச் சுத்தச் செம்பு கேட் 6 ஒரு 30 மீட்டர் வெட்டி வாங்குங்க. அங்கேயே சுரண்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்க.

ஸ்டீபன்: சுரண்டியாச்சு, உள்ளேயும் செம்புதான். கன்வெர்ட்டர் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறார்.

ஜெபா: போக, வர ரெண்டுக்கும் ஒரே இழை என்கிற மாடல் என்றால் ஒன்றில் ஏ, மற்றதில் பி என்று இருக்கணும். ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது அதற்கு நேர்மாறு.

ஸ்டீபன்: ரெண்டிலும் ஏ என்றுதான் போட்டிருக்கிறது.

ஜெபா: அப்படியானால் வாங்காதீங்க, ஒன்று பேசுவது மற்றதுக்குக் கேட்காது.

ஸ்டீபன்: பி நாளைக்கு நாகர்கோவிலிலிருந்து வருமாம். கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

லீலா: வருகிற வழியில் நெத்திலி கிடைத்தால் வாங்குங்க.