நடு விஎம் வரை பிங் போகிறது, அதைத் தாண்ட மாட்டேன் என்கிறது

புதுநோடு:
வணக்கம். பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு டெஸ்ட்பெட்டில் (நெட்வொர்க் சோதனைக் களம்) மூன்று விஎம் (மெய்நிகர் கணினி) போட்டு வரிசையாக இணைத்திருக்கிறேன். பெயரும் இடது, நடு, வலது என்றேதான். இடதுக்கும் நடுவுக்கும் 10.10.1.0/24, நடுவுக்கும் வலதுக்கும் 10.10.2.0/24. வலது மட்டும் வேறு சைட்டில் இருக்கிறது. பக்கத்து விஎம்முக்கு எல்லாம் பிங் போகிறது. இடதிலிருந்து வலதுக்கு மட்டும் பதிலே இல்லை. நடுவில் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது வந்த பாக்கெட்டை அடுத்த பக்கம் கடத்திவிடும் செட்டிங்கை, 1 ஆக்கியாயிற்று (முதலில் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும்). டெஸ்ட்பெட்டில் எனக்கு ஒதுக்கிய பங்கு, அதாவது ஸ்லைஸ், வெள்ளிக்கிழமை காலாவதி.

கம்பிவால்:
நடுவில் டிசிபிடம்ப் ஓடவிட்டு, பாக்கெட் வந்து சேர்கிறதா என்று பார்த்தீர்களா?

புதுநோடு:
பார்த்தேன். ஒரு பாக்கெட்கூட வரவில்லை.

பழையசுவிட்ச்:
அப்படியானால் நடுவின் மேல் தப்பில்லை. பாக்கெட் இடதிலேயே வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறது. உங்கள் விஎம்மில் ஈத்0 என்பது கன்ட்ரோல் நெட்வொர்க், நீங்கள் எஸ்எஸ்ஹெச் செய்து உள்ளே வரும் வழி. வேறு வழி சொல்லப்படாத பாக்கெட் எல்லாம் போகும் டீஃபால்ட் ரூட்டும் அங்கேதான். 10.10.2 எங்கே இருக்கிறது என்று இடதுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் ஈத்0 வழியாக அனுப்பிவிடுகிறது. ஐபி ரூட் கெட் 10.10.2.2 என்று அடித்தால் தெரிந்துவிடும்.

இடதில் 10.10.2.0/24-க்கு நடுவின் வழியாக ஒரு ரூட் போடுங்கள். வலதிலும் 10.10.1.0/24-க்கு அதே மாதிரி. இரண்டாவதை விட்டால் பிங் போய்ச் சேரும், பதில் திரும்பாது.

டீஃபால்ட் ரூட்டை மட்டும் தொடாதீர்கள். நான் ஒருமுறை அதைப் புத்திசாலித்தனமாக நடுவின் பக்கம் திருப்பினேன். என்டர் தட்டியதும் டெர்மினல் உறைந்தது. கன்சோல் வசதியும் இல்லை. ஸ்லைஸை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எதையும் கையால் அடிப்பதில்லை, எல்லாம் ஸ்கிரிப்ட்தான்.

புதுநோடு:
அதேதான், ஈத்0 என்றே வந்தது! ரூட் போட்டதும் பிங் போகிறது. ஆனால் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கனெக்ட் ஆகி, முதல் வினாடியில் ஏதோ காட்டிவிட்டு, அப்புறம் வரிசையாக 0, 0, 0. சைட்டுகளுக்கு நடுவே ஜிஆர்இ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) என்று இணைப்பு விவரத்தில் போட்டிருக்கிறது.

கம்பிவால்:
எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஜிஆர்இ என்றால் வழக்கமான 1500-இல் 24 பைட் போகும், 1476 வையுங்கள்.

பழையசுவிட்ச்:
எம்டியு சரி, கணக்கு சரியில்லை. 24 என்பது ஐபி பாக்கெட்டை மட்டும் சுமக்கும் டனலுக்கு. இங்கே டனலை டெஸ்ட்பெட்டே விஎம்முக்கு வெளியே போட்டிருக்கிறது, ஈதர்நெட் ஃபிரேமையே முழுசாகச் சுமக்கிறது. அந்த ஃபிரேமின் ஹெடர் 14-ஐயும் சேர்த்து 38. மிச்சம் 1462. டனல் இருப்பதே விஎம்முக்குத் தெரியாது, அதனால் பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் விழுகிறது, ‘சிறிதாக அனுப்பு’ என்று சொல்ல ஆளில்லை. சின்ன பிங் இதை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனுடன் 1434 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள் (ஹெடர் 28 சேர்த்தால் 1462), பிறகு 1435.

புதுநோடு:
1434 போகிறது, 1435 போகவில்லை! மூன்று விஎம்மிலும் டேட்டா இன்டர்ஃபேஸ்களுக்கு 1400 வைத்துவிட்டேன், ஐபெர்ஃப் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஸ்கிரிப்டில் எழுதி, ஸ்லைஸை அழித்து மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.

பழையசுவிட்ச்:
ஸ்கிரிப்டில் ஈத்1, ஈத்2 என்று பெயரை எழுதிவிடாதீர்கள். மறுபடி போடும்போது இரண்டும் இடம் மாறி வரலாம். எந்த இன்டர்ஃபேஸில் 10.10 முகவரி இருக்கிறது என்று தேடி எடுக்கச் சொல்லுங்கள்.