வீட்டுக்கு ஒரு பிள்ளையை மட்டும் தூக்கிவிடுவது சரியா?

ஓசூர்வாசி:
ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வருகிறோம். இதுவரை ஜூன் வந்தால் நோட்டு, பை, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுப்போம், போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டு நாங்களே கை தட்டிக்கொள்வோம். இந்த வருடம் மொத்தத்தையும் ஒரே இடத்துக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. எங்களில் ஒரு சாரார் ஊர்ப்பக்கம் நடக்கும் மாலை வகுப்புகளுக்குக் கொடு என்கிறார்கள். என் ஓட்டு சாந்தி பவனுக்கு.

தெரியாதவர்களுக்காக: ஓசூர் பக்கம், கர்நாடக எல்லையோரம் இருக்கும் உறைவிடப் பள்ளி. ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் ஆரம்பித்தது. கேரளாக்காரர், இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு அமெரிக்கா போய் கம்பெனி நடத்திச் சம்பாதித்த பணத்தைத் திரும்பி வந்து இதில் போட்டார். வருடத்துக்கு 24 குழந்தைகள்தான், நாலு வயது வாக்கில், ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. இடம், சாப்பாடு, மருத்துவம், ஐசிஎஸ்இ பாடம், பாட்டு, விளையாட்டு எல்லாம் இலவசம். பிளஸ் டூவோடு கைகழுவாமல் கல்லூரிக் கட்டணமும் கட்டி, வேலைக்குப் போகும்வரை கூட நிற்கிறார்கள். கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பன்னாட்டுக் கம்பெனிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2017இல் நெட்ஃபிளிக்ஸில் இதைப் பற்றி ஆவணத் தொடரே வந்தது. என்ன சொல்கிறீர்கள்?

மாலைப்பள்ளி:
ஓசூர் அண்ணே, அந்த 24 பிள்ளைகளும் நன்றாக வருவதை நான் மறுக்கவில்லை. 25ஆவது பிள்ளை எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போகிறது, அங்கிருந்து சாயங்காலம் என்னிடம் வருகிறது. சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், அங்கன்வாடித் திண்ணை, ஒரு டியூப் லைட், ஒரு கரும்பலகை, அவ்வளவுதான், பாதிப் பிள்ளைகள் இடுப்பில் தம்பி தங்கையோடுதான் வரும்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். பலகையில் எழுதியதை அச்சு அசலாக நோட்டில் இறக்குவான், கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சரி, எழுதியதை வாசி என்றால் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு எழுத்தை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மூடிக் கேட்டேன், அதுவும் தெரியவில்லை. இத்தனை வருடமும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான், யாரும் கண்டுபிடிக்கவில்லை. இவனுக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்தை விளக்கி என்ன பிரயோஜனம்? 1995இல் மும்பையில் ஆரம்பித்த பிரதம் அமைப்பு பிறகு வளர்த்தெடுத்த முறை இதற்குத்தான்: எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்தா சொல்லா பத்தியா எதுவரை வாசிக்கிறது என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது. 2019இல் நோபல் வாங்கினார்களே, பானர்ஜியும் டுஃப்ளோவும், அவர்கள் சோதித்துப் பலன் இருக்கிறது என்று சொன்ன முறை. செலவு என்ன? சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு தொகை, சாக்பீஸ், அப்புறம் சுண்டல். இல்லம் தேடிக் கல்வியில் அரசு தன்னார்வலருக்குக் கொடுத்ததே மாதம் 1000 ரூபாய்தான். ஒரு பிள்ளையை வருடம் முழுக்க விடுதியில் வைத்துப் பார்க்கும் காசில் எத்தனை திண்ணை நடத்தலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நாலு வயதில் அம்மாவைப் பிரிப்பது வேறு இருக்கிறது. விடுதி என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கானது. பெற்றோர் விரும்பிச் சேர்க்கும் உறைவிடப் பள்ளியின் மேல் அதை அப்படியே தூக்கிப் போட முடியாது. நியாயம் வேறு, சட்டம் வேறு. நியாயத்தை நீங்கள் பேசுங்கள்.

ஓசூர்வாசி:
ஊட்டி கான்வென்ட் விடுதியில் பணக்காரர் பிள்ளையைச் சேர்த்தால் அதற்குப் பெயர் ஒழுக்கம், கெளரவம். ஏழை வீட்டுப் பிள்ளையைச் சேர்த்தால் மட்டும் எல்லோருக்கும் தாய்ப்பாசம் பொங்குகிறது. மாலைப்பள்ளி தம்பி, நீ இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறாய், கும்பிடுகிறேன். மிச்ச நேரம்? அப்பன் குடித்துவிட்டு வந்து ரகளை செய்யும் வீட்டில் எந்த வெளிச்சத்தில் படிக்கும்? இங்கே அஞ்செட்டி, தளி மலைக்கிராமங்களில் பெண் பிள்ளை வயசுக்கு வந்ததும் மாப்பிள்ளை பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற சுண்டல் போதாது. பசி, பாஷை, பயம், பல்வலி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படிப்பு ஏறும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மேலே வந்தால் மற்றவர்களையும் இழுத்துக்கொள்ளும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

விடுதிப்பொண்ணு:
அந்தக் கணக்குக்கு உள்ளே இருந்தவள் நான். நீங்கள் சொல்லும் பள்ளி இல்லை, வேறு மாவட்டத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய விடுதிப் பள்ளி, பெயர் வேண்டாம். இருவருமே எங்களைப் பற்றி எங்களிடம் கேட்காமல் பேசுகிறீர்கள்.

அம்மாவை விட்டு வந்தது முதல் வருடம் கஷ்டம்தான், அப்புறம் பழகிவிட்டது. பழகாதது லீவுக்கு வீட்டுக்குப் போவது. அங்கே நான் விருந்தாளி. எனக்கு மட்டும் முட்டை அவிப்பார்கள். தங்கை பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அவள் ஒன்பதாவதோடு நின்றாள், ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். என்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் இருவரில் யாரை எடுப்பது என்று முடிவு செய்தது அந்த வருடம் எனக்கு நாலு வயது ஆகியிருந்தது என்ற ஒரே காரணம்.

ஆனால் மாலைப்பள்ளி சார், விடுதி இல்லாவிட்டால் நானும் மில்லில்தான் இருந்திருப்பேன். உங்கள் திண்ணை எங்களைக் காப்பாற்றியிருக்காது, எங்கள் ஊரில் அப்போது திண்ணையும் இல்லை. ஓசூர் சார், "மற்றவர்களையும் இழுத்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த வரியை நான் ஒவ்வொரு மாதமும் கட்டுகிறேன். முதல் சம்பளத்திலிருந்தே அப்பாவின் கடன், தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், தங்கை கல்யாணம். மேலே படிக்க இடம் கிடைத்தும் போகவில்லை. கூடப் படித்தவர்களில் பலருக்கும் இதே கதைதான். வேலை கிடைத்த அன்றோடு வெற்றி என்று ஆண்டறிக்கையில் போட்டோ போட்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பேங்க் பாஸ்புக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பெரம்பூர்_தோழர்:
தோழி எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது சின்ன விஷயம், ஆனாலும் சொல்கிறேன். இந்த டிரஸ்டுகள் "முழுமையான கல்வி" என்பார்கள், அடுத்த வரியிலேயே "திறன் பயிற்சி" வந்துவிடும். அது என்ன திறன்? பெண் பிள்ளைக்குத் தையல், எம்பிராய்டரி, ஆண் பிள்ளைக்கு வயரிங், பிளம்பிங். இவர்கள் சொந்தப் பிள்ளைக்கு எட்டாவதில் கோடிங், ரோபோட்டிக்ஸ். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, காமராஜர் முதல்வரானதும் 1954இல் அது போயிற்று. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே குடும்பத் தொழிலுக்குக் கடன் என்றதால்தான் தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை, தனியாக ஒரு திட்டம் போட்டு 35 வயதுக்கு மேல் என்று வைத்தது. 18 வயதில் கல்லூரிக்குப் போகவேண்டிய பையன் உளியைப் பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான். இப்போது அதையே டிரஸ்ட் பெயரில், வரிவிலக்கோடு கொண்டுவருகிறார்கள்.

பவர்டேபிள்:
தோழர், திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், தையல்காரன். தையல் என்றால் அவ்வளவு இளப்பமா? பத்தாவது ஃபெயிலான பையன் தெருவில் நிற்கிறான், அவனிடம் போய் 1953ஐப் பேசினால் சோறு வருமா? என்னை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தவர் எந்தக் கொள்கையும் பேசவில்லை.

என் கோபம் வேறு. எங்கள் பக்கம் ஒரு டிரஸ்ட் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் திறந்தது. ஏதோ கம்பெனி கொடுத்த தையல் மெஷின்கள், எல்லாம் காலால் மிதிக்கிற பழைய மாடல். ஃபிளெக்ஸ் போர்டு, குத்துவிளக்கு, சர்டிஃபிகேட். ஆறு மாசம் கர்ச்சீப் ஓரம் அடித்துப் பழகிய பிள்ளை கம்பெனிக்கு வந்தால் இங்கே எல்லாம் கரண்டில் ஓடும் பவர் டேபிள், காலை வைத்ததும் மெஷின் பறக்கிறது, பிள்ளை மிரண்டு கையை எடுத்துவிட்டது. சர்டிஃபிகேட்டைப் பார்த்த சூப்பர்வைசர் ஹெல்பராகப் போட்டார். நூல் வெட்டுகிற வேலை. அதற்குப் பயிற்சியே தேவையில்லை. அந்த மெஷின்கள் இப்போது சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன, ஊசி உடைந்தால் வாங்க பட்ஜெட் இல்லையாம், மெஷினுக்குத்தான் நன்கொடை வருமாம்.

பெரம்பூர்_தோழர்:
தையலை நான் இளப்பமாகச் சொல்லவில்லை அண்ணே. யார் பிள்ளைக்குத் தையல் என்று முன்கூட்டியே முடிவு செய்வதைத்தான் சொல்கிறேன். சுமங்கலி திட்டம் என்று, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, மில்லுக்கு மூன்று வருடம் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனதும் பயிற்சி பெறுபவர் என்ற பெயரில்தானே? உங்கள் ஊர்ப்பக்கம் நடந்ததுதான்.

பவர்டேபிள்:
நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக 18 தாண்டிய பிள்ளைக்கு உருப்படியாக ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதே தப்பு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 14 வயசுப் பிள்ளையை மெஷினில் உட்கார வைத்தால் நானே போலீஸுக்குப் போன் போடுவேன்.

கணக்குப்பிள்ளை:
ஊசிக்கு பட்ஜெட் இல்லை என்பதில்தான் என் தொழிலே இருக்கிறது. நான் சில டிரஸ்டுகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், அதனால் நிதியாண்டு முடியும் மார்ச்சில் பணம் கொட்டும், எல்லாருக்கும் கட்டடம் வேண்டும், மெஷின் வேண்டும், பெயர்ப்பலகை வைக்க ஏதாவது வேண்டும். வார்டன் சம்பளம் கொடுக்க ஒருவர் வரமாட்டார். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்கிற ஆள் நிர்வாகச் செலவா, கல்விச் செலவா என்று ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஓசூர்வாசி, எங்கே கொடுத்தாலும் சரி, சம்பளத்துக்குக் கொடுங்கள், மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்துவிட்டு நழுவினால், அந்த நம்பிக்கையில் சேர்த்த பிள்ளையை யார் பார்ப்பது? சாந்தி பவனே 2008 பொருளாதாரச் சரிவில் பணத்துக்குத் திண்டாடியது.

மாலைப்பள்ளி:
விடுதிப்பொண்ணு அக்கா, உங்கள் தங்கையைப் பற்றி எழுதினீர்களே, என் சென்டரில் இருப்பதெல்லாம் தங்கைகள்தான். எடுபடாமல் போன பிள்ளைகள். நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இலிருந்து நடத்தும் விதைத் திட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிறகு எடுக்கிறார்கள், தன்னார்வலர் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும். நாலு வயதில் யாரை வைத்துத் தேர்வு செய்வது? அப்பாவின் வறுமையை வைத்தா?

விடுதிப்பொண்ணு:
பிளஸ் டூ வரை தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் அது. எங்கள் தெருவில் அந்த வயதுக்குள் பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள். ஓசூர் சார், விடுதிக்கே கொடுங்கள், ஆனால் மூன்று விஷயம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள்? லீவில் வீட்டுக்குப் போகும் பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? வேலைக்குப் போன பிறகு குடும்பக் கடனைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறதா?

ஓசூர்வாசி:
கேட்டு எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன மூன்று வருடத்தையும் கூட்டத்தில் வைக்கிறேன். பதில் எப்படி வந்தாலும் என் ஓட்டு மாறாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாலைப்பள்ளி:
மாறாது என்றால் எதற்கு அண்ணே கேட்க வேண்டும்?

ஓசூர்வாசி:
என்னிடம் இருப்பது ஒரு ஓட்டுதான் தம்பி, மற்றவர்களிடம் எட்டு இருக்கிறது. உன் சென்டர் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு, கூட்டத்தில் நானே வாசிக்கிறேன். சுண்டல் செலவையும் சேர்த்து எழுது.